திறந்தால் ஓடும் பையன்

ஒரு நிறுவனத்தின் பழைய பெர்ல் நிரல்களோடு நான் மாரடித்துக்கொண்டிருந்த காலம். ராத்திரியில் தானாக ஓடும் ஒரு நிரல், வாடிக்கையாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதியின் ஒரு துண்டை எழுதி வைத்திருந்தது. எல்லா வரிகளிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். அதுதான் கொடுமை. எல்லாமே தப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

இரண்டு நாள் துருவியதில் அகப்பட்டது $1. பெர்லில் ஒரு வாக்கியத்துக்குள் எதையாவது தேடி, அதில் வேண்டிய துண்டை அடைப்புக்குறிக்குள் பிடித்தால், அந்தத் துண்டு $1 என்ற வேரியபிளில் கிடைக்கும். நான் அதை ஒரு துணைநிரலுக்கு அனுப்பியிருந்தேன். அதில் புது மதிப்பு எதையும் யாரும் எழுதவில்லை. ஆனாலும் உள்ளே பார்த்தால் வேறு மதிப்பு. வேரியபிளுக்குத் தமிழில் ‘மாறி’ என்று பெயர் வைத்த புண்ணியவானை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மாறி என்றால் டப்பா என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். துவரம்பருப்பு போட்டால் துவரம்பருப்பு. பெர்லிலும் பெரும்பாலான மாறிகள் அப்படித்தான். சில டப்பாக்கள் மட்டும் வேறு ரகம். மூடியில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு பையன். நீங்கள் திறக்கிற நொடியில் கடைக்கு ஓடி வாங்கிவந்து போடுவான். நீங்கள் எதையாவது உள்ளே போட்டாலும் கயிறு இழுபடும், அதற்கும் ஓர் ஓட்டம். இந்த ஏற்பாட்டுக்கு பெர்லின் ஆவணங்களிலேயே பெயர் ‘மேஜிக்’. நான் சூட்டிய பெயர் இல்லை.

பெர்ல், லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி. ஐந்தாம் பதிப்பு 1994-இல் வந்தது. சி மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரலில் மேஜிக்குக்கென்று தனிக் கோப்பே உண்டு. அதன் தலையில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலிலிருந்து ஒரு வரி: மாயமந்திரமே இனி வேண்டாம் என்று ஒரு பாத்திரம் அலுத்துக்கொள்ளும் இடம். கோப்பைப் படித்து முடித்தவர்களுக்கு அந்த ஆளின் வலி புரியும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். மாறிக்கு மேஜிக் வேண்டுமென்றால் பெர்ல் அதைச் சற்றுப் பெரிய வகைக்கு உயர்த்தி, ஒரு சங்கிலியைத் தொங்கவிடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இது எந்த வகை மேஜிக் என்று சொல்லும் ஒற்றை எழுத்து. கூடவே ஓர் அட்டவணையின் முகவரி. படித்தால் எந்த ஃபங்ஷன், எழுதினால் எது, அழித்தால் எது என்று அட்டவணை சொல்லும். ஒரே மாறியில் பல கண்ணிகள் தொங்கலாம். மாறியைத் தொடும்போதெல்லாம் சங்கிலியைத் துழாவினால் நிரல் நொண்டாதா? அதற்குத்தான் ஒவ்வொரு மாறியிலும் சில பிட்டுகள்: படிக்கும்போது மேஜிக் உண்டா, எழுதும்போது உண்டா. சாதாரண மாறிக்கு அந்தப் பிட்டைப் பார்ப்பதோடு வேலை முடிந்தது. இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படிப் பையன் வைத்த டப்பாக்கள் பெர்லிலேயே சில உண்டு. $! என்ற மாறியை எண்ணாகக் கேட்டால் கடைசிப் பிழையின் எண்ணைத் தரும். எழுத்தாகக் கேட்டால், கோப்பு இல்லை, அனுமதி இல்லை என்று வாக்கியமாகவே தரும். $0-வில் எழுதினால், லினக்ஸில் ஓடும் நிரல்களின் பட்டியலில் உங்கள் நிரலின் பெயரே மாறிவிடும். ‘டை’ (tie) என்ற கட்டளை இருக்கிறது, அதைக்கொண்டு நாமே சொந்தமாக ஒரு பையனை வேலைக்கு வைக்கலாம்.

$1-க்கு வருவோம். அந்த டப்பாவில் எதுவுமே இருப்பதில்லை. கேட்கும்போதுதான், கடைசியாகப் பலித்த தேடலைப் பார்த்து அங்கிருந்து துண்டை வெட்டித் தரும். போதாததற்கு, பெர்ல் துணைநிரலுக்கு நகல் அனுப்புவதில்லை. அதே மாறியை வேறு பெயரில் நீட்டுகிறது. என் துணைநிரலுக்குள் தேதியைப் பிடிக்க இன்னொரு தேடல் வைத்திருந்தேன். அது பலித்த வரிகளில் பையன் புதுக் கடைக்கு ஓடினான். பலிக்காத வரிகளில் பழைய கடைக்கே போய்ச் சரியான எண்ணைக் கொண்டுவந்தான்.

துணைநிரலை அழைக்கும் இடத்தில் "$1" என்று இரட்டை மேற்கோளுக்குள் வைத்தேன். அப்போதே படித்து, கையில் ஒரு நகலைக் கொடுத்துவிடும். தீர்ந்தது.

சில மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என் மேசைக்கு வந்தார். “சார், இங்க ஒரு மேற்கோள் குறி சும்மா கிடக்கு. எடுத்துடட்டுமா?”

அன்றைக்குத்தான் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்.