இறக்கம் கற்பிக்கும் பாடம்

மலைநாட்டில் வாழும் நமக்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. ஏற்றத்தில் வண்டி திணறுவதைக் கண்டால் அஞ்சுகிறோம்; இறக்கத்தில் இலகுவாக ஓடக் கண்டால் மகிழ்கிறோம். ஆயினும், பேராபத்து ஒளிந்திருப்பது இறக்கத்திலேதான் என்பதைச் சாரதித் தொழில் பயிலும் மாணவர் முதற்கண் உணர்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயாவை அடுத்த ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற பஸ் வண்டி ஒன்று, ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. அவ்விரு சிறு வண்டிகளிலும் இருந்த 7 பேர் மாண்டனர். பஸ்ஸின் பிறேக் செயலிழந்ததாக அன்று செய்திகள் கூறின.

பிறேக் பிடிக்கவில்லை என்று சொல்லி விதியை நோவது எளிது. அது எதனால் பிடிக்காமற் போகக்கூடும் என்று கேட்பதே கல்வி. 10 தொன் எடையுள்ள பஸ் 500 மீற்றர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 100 லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அவ்வளவையும் பிறேக்கே தாங்க நேர்ந்தால், உராய்வினால் அது கடுஞ்சூடேறும், பிடிமானம் தளரும், மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, வண்டி ஓடிக்கொண்டிருக்கும். காலையில் சோதித்தபோது நன்றாயிருந்த பிறேக்கும் மாலையில் இவ்வாறு கைவிடக்கூடும்.

ஆதலால், இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்றி, வண்டியின் வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடிக்குமாறு செய்தல் வேண்டும். பிறேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டிராமல், உறுதியாக மிதித்து வேகத்தைத் தணித்தபின் விட்டுவிட்டால், அது ஆறுவதற்கு இடமுண்டு. எரிபொருளை மிச்சம் பிடிக்க எண்ணி நியூட்ரலில் உருளவிடுவதோ, சில்லறைக் காசுக்கு உயிர்களை ஈடு வைப்பதாகும். கருகல் நாற்றம் எழுந்தாலோ மிதி தாழ்ந்தாலோ, நிறுத்த முடியும்போதே தகுந்த இடத்தில் நிறுத்துவதுதான் அறிவு.

அப்படி நிறுத்தினால் நேரம் பிந்தும்; பயணிகள் முணுமுணுப்பர்; முதலாளியும் கடிந்துகொள்ளக்கூடும். காரணம் அறியாத சாரதி அந்தச் சொல்லுக்கு அஞ்சி மீண்டும் வண்டியை எடுப்பான். காரணம் அறிந்தவன் அசையமாட்டான். அந்த நெஞ்சுரத்தைத் தருவதே பயிற்சிக்கூடத்தின் தலையாய கடமை என்போம்.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஹற்றனில் ரயிலைப் பிடிக்கவேண்டுமென்று சாரதியை விரட்டாதிருப்போம். அவர் வழியில் தாமதிக்கும் பத்து நிமிடம், வீட்டில் நமக்காகக் காத்திருப்போருக்கு ஒருநாளும் நட்டமாகாது.