புதுக் காருக்கும் பராமரிப்பு தேவை

மும்பை வீதிகளில் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு விடைபெற்றன. அவற்றில் என்ஜின் முன்னால் இருந்தது. வண்டியை ஓட்டியவை பின் சக்கரங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, முன் சக்கரங்களே வண்டியை இழுத்துச் செல்லும் முறை நாடெங்கும் பரவியது. இன்று ஒரு குமாஸ்தா வங்கிக் கடனில் வாங்கும் சிறிய கார் பெரும்பாலும் இந்த வகைதான்.

வண்டி மாறிவிட்டது. ஆனால், 'புது வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது? இலவச சர்வீஸ்தான் இருக்கிறதே!' என்ற எண்ணம் மாறவில்லை. இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் பில்டருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தயங்கி சர்வீசைத் தள்ளிப் போட்டால், பிறகு பழுது வரும்போது வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

இந்தக் கார்களில் முன் சக்கரங்களுக்கு மூன்று வேலை. வண்டியை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக் போடும்போது பாரத்தின் பெரும் பகுதியைத் தாங்க வேண்டும். ஆகவே முன் டயர்கள் சீக்கிரம் தேயும். ஏறத்தாழ 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை, காரோடு கொடுக்கும் புத்தகத்தில் உள்ளபடி, டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட வேண்டும். காற்றை மாதம் இரு முறையாவது, டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது 'ஆக்சில் பூட்'. முன் ஆக்சிலின் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறை அது. உள்ளே கிரீஸ் இருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அப்போதே உறையை மாற்றினால் சிறு செலவோடு போகும். ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்துவிட்டால், மூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பெரிய செலவுதான்.

பல இடங்களில் இதை முதலில் கவனிப்பவர் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்தான். அவர் சொன்னால், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறார் சொந்தக்காரர். வண்டி நடுவழியில் நின்றால் மட்டும், 'டிரைவர் சரியில்லை' என்று பழி சுமத்துகிறார். இது நியாயமல்ல. டிரைவர் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்பது சொந்தக்காரரின் கடமை. அதற்கான பணத்தையும் நேரத்தையும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

சொந்தமாக ஓட்டுபவர்கள் ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆயில் கம்பியில் இரு கோடுகளுக்கும் இடையே இருக்கிறதா, கூலண்டும் பிரேக் ஆயிலும் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

கடன் தவணை பல ஆண்டுகளுக்கு நீளுகிறது. தவணை முடியும் முன்பே வண்டி முடிந்துவிட்டால், நஷ்டம் யாருக்கு?