வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு, மூட்டைக்கு உண்டா?

காரைக்காலில் கடை வைத்திருக்கும் நம்மில் பலரிடம் ஒரு சரக்கு ஆட்டோவோ, மினி லாரியோ, வீட்டுக் காரோ இருக்கிறது. இன்சூரன்ஸ் உண்டா என்றால் 'உண்டு' என்கிறோம். எதற்கு உண்டு என்று கேட்டால்தான் தயங்குகிறோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டைத்தான். நம் வண்டி மோதி வழியில் போனவருக்கு உயிரோ உறுப்போ போனாலும், பிறர் சொத்து சேதமானாலும் அது ஈடு தரும். நம் வண்டி நொறுங்கினால் ஒரு பைசாவும் வராது. திருட்டுப் போனாலும் அப்படியே.

விபத்து, தீ, திருட்டு, புயல், வெள்ளம் ஆகியவற்றில் நம் வண்டிக்கும் ஈடு வேண்டுமானால் 'ஃபுல் இன்சூரன்ஸ்' எடுக்க வேண்டும். 2004இல் சுனாமியையும் 2018இல் கஜா புயலையும் கண்ட ஊர் இது. மதிப்புக் குறைந்துபோன பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும் என்பதில் நியாயம் உண்டு. கடன் வாங்கி வாங்கிய புது வண்டிக்கு அப்படிச் சிக்கனம் பார்ப்பது சரியல்ல.

ஆனால் 'ஃபுல்' என்ற பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். முழுதும் வேண்டுமானால் கூடுதல் பிரிமியம் கட்ட வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால், எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவருக்கு ஈடு கிடைப்பது அரிது. தண்ணீரில் நின்ற வண்டியை இழுத்துச் செல்வதே நல்லது.

நமக்கு முக்கியமானது சரக்கு. வண்டி கவிழ்ந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வாய்க்காலில் போனால், வாகன பாலிசி வண்டியை மட்டுமே பார்க்கும். சரக்குக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியே எடுக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்த காரில் கடைச் சரக்கை ஏற்றினால், விபத்து நேரும்போது அதையே காரணம் காட்டிக் கம்பெனி மறுக்கலாம். சரக்கு வண்டியில் தெரிந்தவர்களை இலவசமாக ஏற்றுவதும் ஆபத்தே. அப்படிப் பயணம் செய்வோருக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அந்த ஈட்டுத் தொகை வண்டி முதலாளி தலையில்தான் விழும். சரக்கின் உரிமையாளரும் அவரது பிரதிநிதியும் உடன் செல்வதற்கு மட்டும் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

கொள்முதலில் கிலோவுக்குக் கால் ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். பாலிசி புதுப்பிக்கும்போது மட்டும் ஏஜெண்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். எதற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை, சரக்குக்கு என்ன வழி, வண்டிக்கு இவர்கள் போட்டிருக்கும் மதிப்பு எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். தனியாகக் கேட்டு மறுத்தால் சங்கத்தின் மூலம் கேட்போம். பணம் கட்டுகிற நமக்கு அந்த உரிமை உண்டு என்பதே நமது கருத்து.