எஞ்சிய நாட்கள் யாருடையவை?

சுவாசப்பைப் புற்றுநோய் என்று அறிக்கை கைக்கு வந்ததும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் முதலில் நடப்பது, அந்த அறிக்கை அலுமாரிக்குள் போய்விடுவதுதான். மூத்த மகனுக்குத் தெரியும். மருமகனுக்குத் தெரியும். இரண்டு நாளில் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். நோயைச் சுமப்பவரிடம் மட்டும், "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது வாப்பா, மருந்து எடுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லப்படுகிறது. அன்பினால் செய்யப்படும் காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் மார்க்கத்தின் பார்வையில் அது அவ்வளவு இலேசான விடயமல்ல.

இந்நோய் வந்த குடும்பத்தினர் உலமாக்களிடம் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எவ்வளவு காலம் இருப்பார்? அவரிடம் சொல்லலாமா? வலிக்கு மோர்பின் கொடுப்பது ஆகுமா? ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கூடவே வரும் கேள்விகள் இவை.

உலகில் மனித உயிர்களை அதிகம் பறிக்கும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் சுமார் 25 இலட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 18 இலட்சம் பேர் இதனால் உயிரிழந்தனர். நோய் தாமதமாக வெளியே தெரிவதே இதற்குப் பெரிய காரணம். சுவாசப்பையின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதன் மேலுள்ள சவ்வையோ எலும்பையோ நோய் தொட்ட பிறகே வலி தெரியும். இருமலையோ, சிகரட் குடிப்பவருக்கு இருமல் சகஜம் என்று தள்ளிவிடுகிறோம். ஐக்கிய அமெரிக்காவின் பதிவுகளைப் பார்த்தால், நோய் சுவாசப்பைக்குள்ளேயே நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே கடக்கிறார்.

ஒரு வைத்தியர் "ஒன்பது மாதம்" என்று சொன்னால் அதன் பொருள் என்ன? அது மலக்குல் மௌத்தின் தவணைச்சீட்டு அல்ல. இதே நிலையிலிருந்த நூறு பேரை ஆயுளின்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவர் ஒன்பது மாதம் வாழ்ந்தார் என்பதே அந்தக் கணக்கு. பாதிப்பேர் அதற்கு முன்பே போனார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் தாண்டினார்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த புதிய மருந்துகளால் அந்தச் சிலரின் தொகை கூடியும் வருகிறது.

ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஹஜ்ஜதுல் விதாவின்போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோயுற்று, மரணம் நெருங்கிவிட்டதாகவே எண்ணினார்கள். நோய் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்களிடம், தனக்கு வாரிசாக ஒரு மகள் மட்டுமே இருப்பதால் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மமாக வஸிய்யத் செய்யலாமா என்று கேட்டார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம்தான் என்று நபியவர்கள் வரையறை செய்தார்கள். கூடவே, நீர் பிழைத்திருந்து சிலருக்கு உம்மால் நன்மை கிடைக்கவும் கூடும் என்ற கருத்தையும் சொன்னார்கள். ஸஃத் (ரழி) அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாப் போரில் படையை நடத்திய அன்றும் அவர்கள் நோயாளிதான். குதிரையில் ஏற முடியாமல் ஒரு கட்டிடத்தின் மேலிருந்தபடியே கட்டளைகளை அனுப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

கவனியுங்கள், அந்த நோய்ப் படுக்கையில் வஸிய்யத்தும் பேசப்பட்டது, வாழும் நம்பிக்கையும் பேசப்பட்டது. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. நாமோ ஒன்றைப் பேசினால் மற்றது செத்துவிடும் என்று பயப்படுகிறோம்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், மசாசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. சுவாசப்பைப் புற்றுநோய் உடலில் பரவிவிட்ட நிலையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பாதியினருக்கு வழமையான புற்றுநோய்ச் சிகிச்சை. மறு பாதியினருக்கு அதே சிகிச்சையோடு, ஆரம்பத்திலிருந்தே நோய்த் தணிப்புப் பராமரிப்பும் கொடுக்கப்பட்டது. அதாவது வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மனக்கவலை ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு குழு. நோயாளிக்கு எது முக்கியம் என்று அவரிடமே கேட்டுப் பேசும் குழு. முதல் பாதியினரில் 100க்கு 38 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறி காணப்பட்டது. இரண்டாம் பாதியினரில் 16 பேரிடமே. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாளிலும் இவர்களே மேலாக நின்றார்கள். கடைசி நாட்களில் கடும் மருந்துகளும் இவர்களுக்குக் குறைவாகவே ஏற்றப்பட்டன. அப்படியிருந்தும் இவர்களின் நடு ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம். பின்னர் நடந்த இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நோவைத் தணிக்கப் போனால் ஆயுள் குறைந்துவிடும் என்று நம்மவர்கள் பயப்படுவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

2017இல் நியூயோர்க்கிலிருந்து வந்த மற்றோர் ஆய்வில், சுவாசப்பை உட்படப் பல்வேறு புற்றுநோய்கள் உள்ள 766 பேரில் ஒரு சாரார் தம் உபாதைகளைத் தாமே ஒழுங்காகக் கணினி வழியாக அறிவித்து வந்தனர். கடுமையாகும்போது தாதிமாருக்குச் செய்தி போனது. இவர்களின் நடு ஆயுள் 31 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். இங்கேதான் மறைப்பதன் தீங்கு விளங்குகிறது. சளி என்று நம்பவைக்கப்பட்ட மனிதர், முதுகெலும்பில் புதிதாக ஒரு வலி வந்தால் அதை எதற்காக டொக்டரிடம் சொல்லப்போகிறார்? பிள்ளைகள் பேசட்டும் என்று மௌனமாக இருப்பார்.

மார்க்கம் அவர் மீது வைத்திருக்கும் பொறுப்புகளும் உண்டு. கொடுக்கவேண்டிய கடன், கையிலிருக்கும் அமானிதம், மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹர், நிலுவையான ஸகாத், பேசாமலிருக்கும் சகோதரன். இவற்றை ஒழுங்கு செய்யும் உரிமை அவருடையது. மகனுடையது அல்ல. அதற்காக, கட்டிலருகே நின்று அறிக்கையை உரத்து வாசிக்கச் சொல்லவில்லை. "உங்கள் வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொன்னதைக் கேட்க விரும்புகிறீர்களா வாப்பா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. நான் அறிந்தவரை அநேகமானோர் ஏற்கெனவே ஊகித்திருக்கிறார்கள். பிள்ளைகள் மனமுடைவார்களே என்று அவர்களும் நடிக்கிறார்கள்.

மோர்பின் விடயத்தில் தயக்கம் வேண்டியதில்லை. போதைக்காக உட்கொள்வது ஹராம். வைத்தியத் தேவைக்காக, வைத்தியரின் அளவின்படி எடுப்பது வேறு. அழுகிய உறுப்பை வெட்டுவதற்காக அறிவை மயக்கும் மருந்து உட்கொள்வதை நமது ஷாஃபிஈ மத்ஹப் நூல்களே அனுமதித்துள்ளன. புற்றுநோய் வலிக்கு மாத்திரையும் பாணியுமாக மோர்பினைப் பயன்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளியின் உடல் வேதனையையும் உள வேதனையையும் தணிப்பது வைத்தியர் மீதும் குடும்பத்தினர் மீதும் கடமை என்று தீர்மானித்திருக்கிறது. வலியைச் சகித்தால்தான் ஸப்ர் என்று சொல்லி மாத்திரையைத் தட்டிவிடும் உறவினர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

"வருவது வந்துவிட்டது, இனி விட்டென்ன?" என்று தொடர்ந்து புகைப்பவர்களும் உண்டு. 2021இல் வெளியான மொஸ்கோ ஆய்வில், நோய் அதிகம் முற்றாத 517 புகைப்பவர்கள் பின்தொடரப்பட்டனர். கண்டுபிடித்த பின் நிறுத்தியவர்களின் நடு ஆயுள் 6.6 ஆண்டு, நிறுத்தாதவர்களுடையது 4.8 ஆண்டு. பெரிய செலவில்லாத மருந்து இது. அதேநேரம், ஒருபோதும் புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "எல்லாம் அந்தச் சிகரட்டால் வந்த வினை" என்று பயான் பண்ணுவதை நோய் விசாரிக்க வருபவர்கள் தவிர்க்கட்டும்.

காணியை விற்று வெளிநாடு போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகவே கூடாது என்பதல்ல. மஹரகமவிலும் மற்றைய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகக் கிடைப்பதை முதலில் விசாரியுங்கள். வெளிநாட்டுச் சிகிச்சையால் எத்தனை மாதம் கூடும், அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். பிறகு காணிக்குச் சொந்தக்காரரிடமும் கேளுங்கள்.

தொழுகை எந்நிலையிலும் அவருக்குச் சுமையாகிவிடக் கூடாது. நிற்க முடியாவிட்டால் இருந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்து. தண்ணீர் தீங்கு தருமென்றால் தயம்மும். நோயாளி ஜம்உ செய்வதை மத்ஹபின் பிரபலமான கருத்து ஏற்பதில்லையென்றாலும், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூடும் என்ற கருத்தை ஆதாரத்தால் வலுவானதாகக் கண்டார்கள். குணமாகும் நம்பிக்கையில்லாத நிலையில் நோன்புக்குப் பதிலாக நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பித்யா.

மூச்சுத் திணறும்போது படுக்கவைக்காமல், தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, சிறிய விசிறியால் முகத்துக்கு நேரே காற்றுப் படச் செய்யுங்கள். பலருக்கு இது ஆறுதல் தரும். வருபவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடட்டும். அறையில் பத்துப்பேர் நின்றால் அவருக்குக் காற்று இல்லை. இரவில் விழித்திருக்கும் முறையை ஆண்மக்களும் மருமக்களும் எழுதிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உம்மா வாரத்தில் இரண்டு இரவாவது வேறு அறையில் தூங்கட்டும்.