பழி யார்மேல்?

பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டியை எல்லோரும் பார்த்திருப்போம். பெட்ரோல் போட்டவுடன் நின்ற வண்டியை நண்பர்கள் பார்த்ததுண்டா? நான் இருமுறை பார்த்தேன். அதைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

எங்கள் ஊர் ஜவளகிரி. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் வந்து இறங்கும் வழியில் உள்ள ஊர். பொழுது சாய்ந்தபின் சாலையில் போக யாரும் விரும்புவதில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, ஓசூரில் பாட்டியை மருத்துவரிடம் காட்டிவிட்டு மாமாவின் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பங்கில் டேங்கை நிரப்பச் சொன்னார் மாமா. நாசில் 'டக்'கென்று தானாக நின்றது. 1,910 ரூபாய் ஆகியிருந்தது. "சில்லறை எதுக்கு, ரெண்டாயிரமா ரவுண்டு பண்ணுப்பா" என்றார். பெட்ரோல் போட்ட பையன் சற்றுத் தயங்கி, மறுபடி அழுத்தினான்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன், என்னன்னு பாருடா." எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் மாமா" என்றேன்.

அவ்வளவுதான். மாமா சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. மேலாளர் வந்து எல்லோர் முன்னும் அந்தப் பையனைத் திட்டினார். அவனும் "மன்னிச்சிக்குங்க சார்" என்றான். எதற்கு மன்னிப்பு என்று அவனுக்கும் தெரியாது. அவன் நம் கல்லூரியில் முதலாண்டு மாணவன்; காலையில் நான் வரும் பேருந்தில் வருபவன். நான் பாட்டியின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்துக் கார் தானே கிளம்பியது.

இரண்டு மாதம் சென்று, ஓசூரில் வேறொரு பங்கில் அதே கதை. இப்போது பட்டறை பக்கத்திலேயே இருந்தது. வந்த மெக்கானிக் எட்டாம் வகுப்போடு நின்றவர். "ஆக்ஸிலேட்டரைத் தரையோட மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இருமிக்கொண்டே எஞ்சின் கிளம்பியது. பிறகு அதை நிறுத்தச் சொல்லி, ஒரு சிறு வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தார். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டிய வால்வு அது. காற்று தடையின்றிப் போயிற்று. "தண்ணின்னா ஓடுறப்பவும் மக்கர் பண்ணும் தம்பி. பெட்ரோல் போட்ட உடனே மட்டும் மக்கர்னா இதைத்தான் பாக்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாதபடி கரி நிரம்பிய ஒரு டப்பா பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் வேதியியலில் படித்த பரப்புக் கவர்ச்சியேதான். எஞ்சின் ஓடும்போது அந்த வால்வு திறந்து, ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் விடும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், டேங்கை நிரப்பும்போது தள்ளப்படும் ஆவியெல்லாம் எஞ்சினின் வாயிலில் போய்த் தேங்கிவிடும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் எரியும். மிஞ்சினால் தீப்பொறி விழுந்தும் பயனில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட் செய்தால், இத்தகைய கார்களில் பெட்ரோல் பீய்ச்சுவது நின்று காற்று மட்டும் உள்ளே போகும், தேங்கியது கலைந்துவிடும்.

எங்கள் காரில் கரி டப்பாவும் பெட்ரோலில் ஊறிப் போயிருந்தது. நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் மேலேறி அதை மூடியதும் விசை விடுபட்டு ஓட்டம் நிற்கிறது. ஆவிக்கு இடம் விட்டு வைக்கும் ஏற்பாடு அது. அதற்கு மேல் ஊற்றினால் பெட்ரோலே டப்பாவுக்குள் போய்விடும். மாமா ஒவ்வொரு முறையும் ரவுண்டு பண்ணச் சொல்பவர். ஆகவே குற்றவாளி எங்கள் காரிலேயே இருந்தார். பின் இருக்கையில் அவருக்கு ஒரு சாட்சியும் இருந்தான்.

தண்ணீர் என்ற ஐயமே வீண் என்று நான் சொல்லவில்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். எத்தனால் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால் கண்ணுக்கே தெரியும். அடர்த்தியையும் அளவையும் சோதித்துக் காட்டும்படி பங்கில் கேட்க நமக்கு உரிமையும் உண்டு. நான் பாட்டிலும் கேட்கவில்லை; சோதனையும் கேட்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஏழைப் பையனைக் காட்டிக் கொடுத்தேன். ஆவியழுத்தம் பற்றிய வினாவுக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான்!

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஆய்வுக்கூடத்தில் விடை தெரிந்த சோதனைகளையே செய்கிறோம். பதிவேட்டில் வரவேண்டிய எண்ணை முன்னரே எழுதிவிட்டுப் பின்னால் அளப்பவர்களும் உண்டு. பருவத்துக்கு ஒருமுறை, ஓடாத மோட்டார் ஒன்றையோ எரியாத அடுப்பையோ மேசைமேல் வைத்து, 'ஏன்?' என்று கேளுங்கள். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதுபவனுக்கும் மதிப்பெண் கொடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அன்று என் வாயில் வந்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் பேருந்தில் அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி இல்லைன்னு அன்னிக்கே தெரியும்ணா. உங்களுக்கு முன்னாடி அதே பம்புல போட்ட வண்டியெல்லாம் ஓடிச்சே" என்றான்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க சயின்ஸ் ஸ்டூடண்ட். நான் தமிழ் இலக்கியம். யாருண்ணா கேப்பாங்க?"

வால்வும் டப்பாவும் மாற்றியாகிவிட்டன. மாமா இப்போது முதல் 'டக்'கோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பங்குக்கு மட்டும் இன்னும் போகவில்லை, போவதாகச் சொல்லியிருக்கிறார்.