காம்பைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!



கால் கிலோ கத்திரிக்காய் வாங்கும்போது நாம் எவ்வளவு பார்க்கிறோம்! காம்பு பச்சையாக இருக்கிறதா, புழு அரித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, போதாததற்குக் கொசுறாகக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்குகிறோம். அதே நாம், வெளியூர்ப் பயணம் என்றால் மட்டும், முகம் தெரியாத யாரோ போனில் சொன்னதை நம்பி ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டிவிடுகிறோம். நானும் கட்டினேன். அந்தக் கதைதான் இது.

என் மாமியாருக்கு எண்பது வயது. 1963-ல் புதுப்பெண்ணாக ரயிலில் ராமேஸ்வரம் போய் வந்தவர். மறு வருஷம் டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. "இன்னொரு தரம் அந்தப் பிராகாரத்துல நடக்கணும்மா. ரயில்லதான் போகணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றதும் மனசு விட்டுப் போனார். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அத்தை, என் மகள், அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை, நான் என்று நாலு பேரும் மதுரையிலிருந்து கிளம்பினோம்.

பாலத்தில் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் கடல். அத்தை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அதோடு சரி, சந்தோஷம்!

போனில் அனுப்பிய படத்தில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. நேரில் போனால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்! "அது மேல்மாடி ரூம்மா" என்றான் பையன். போகட்டும் என்று விட்டேன். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் குழந்தையையும் முழுக்காட்டிக்கொண்டு, உப்பைக் கழுவலாம் என்று அறைக்கு வந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேட்டதற்கு, "மோட்டார் ரிப்பேர். கூட்டமான நேரம்னா அப்படித்தான்" என்ற பதில்தான் வந்தது. ஈரமும் உப்புமாகக் குழந்தை வீறிட்டது. தொடை இடுக்கெல்லாம் சிவந்து போனது.

எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "பிள்ளையக் கொண்டாங்கத்தா" என்று வாங்கி, இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் குளிப்பாட்டிக் கொடுத்தார். இராமநாதபுரம் சீமையில் நல்ல தண்ணீரின் அருமை உங்களுக்குத் தெரியும். காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை. காசு வாங்கியவர்கள் தண்ணீர் தரவில்லை. தண்ணீர் தந்தவர் காசு வாங்கவில்லை.

கோயிலில் இன்னொரு பாடம். 22 தீர்த்தத்துக்கும் கோயிலிலேயே முறையான கட்டணச் சீட்டு உண்டு. அது தெரியாமல் வெளியில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தோம். ஆறாவது கிணற்றோடு ஆசாமி மாயம்! "இதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன்?" என்று ஈரப் புடவையோடு அத்தை உட்கார்ந்துவிட்டார்.

ஆசையோடு பாரிஸ் நகரம் போன ஜப்பானியர் சிலர், நினைத்ததும் கண்டதும் வேறாக இருப்பதைத் தாங்காமல் படுத்தே விட்டார்களாம். அங்கே இருந்த ஹிரோவாகி ஓட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் 1980-களில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். பாரிஸ் ஆனால் என்ன, ராமேஸ்வரம் ஆனால் என்ன? மனசில் படம் பெரிதாக இருந்தால் ஏமாற்றமும் பெரிதுதான்.

சாயங்காலம் உலர்ந்த புடவை கட்டி, மூன்றாம் பிராகாரத்துக்கு அத்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். 1,200-க்கும் மேற்பட்ட தூண்கள். ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் அப்படியே இருக்கும்மா" என்றார். முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் நான் பேசாமல் அறையைக் காலி செய்யப் பார்த்தேன். சண்டை எதற்கு என்ற எண்ணம்தான். அத்தை விடவில்லை. "தம்பி, உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் குளிக்கத் தண்ணி இல்லாம வைப்பீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். கேட்காமல் வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்!

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளுங்கள். அறையைக் கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்த பிறகே முழுப் பணமும் கொடுங்கள். ரசீதையும் அவர்கள் அனுப்பிய படத்தையும் பத்திரப்படுத்துங்கள். கைக்குழந்தைக்குக் கடல் முழுக்கு வேண்டாம். தலையில் நாலு துளி தெளித்தால் போதும். வயதானவர்களுக்குக் கிணற்றடி வழுக்கும், கூடவே ஒருவர் இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களை வெறும் வயிற்றோடு நெடுநேரம் நிற்க விடாதீர்கள். ஈரத்தோடு மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள், மாற்றுப் புடவையும் துண்டும் கையிலேயே இருக்கட்டும்.

கேட்டும் நியாயம் கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதற்குக் கட்டணமும் கிடையாது.

கத்திரிக்காய்க்காரரிடம் பேரம் பேசும் வாய் நமக்கு இருக்கிறதே, அதை ஊரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சகோதரிகளே!