கல்லும் மூச்சுவிட வேண்டும்

மாத்தளை மாவட்டத்தில் எனக்கு நீண்ட காலமாகப் பழக்கமான சிறிய அம்மன் கோயில் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளர்கள் தம் உழைப்பால் எழுப்பிய கோயில். ஊரின் பெயரையோ கோயிலின் பெயரையோ இங்கே குறிப்பிடப்போவதில்லை. எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று.

அந்தக் கோயிலின் முன்மண்டபத் தரை கருங்கற் பலகைகளால் ஆனது. வெயிலில் நடந்துவந்து அதில் கால் வைத்தால் உள்ளங்கால் குளிரும். சென்ற கார்த்திகையில் போனபோது அந்தத் தரையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பால் சிந்தியதுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. இடையிடையே பாம்புச் சட்டைபோல ஏதோ உரிந்து நின்றது. என்னோடு படியேறிய மூதாட்டி ஒருவர், "மெதுவா வாங்க தம்பி, போன மாசம் நான் இதுல விழுந்து எந்திரிச்சவ" என்றார்.

விசாரித்தேன். செய்தியாளனின் பழக்கம் விடுவதில்லை. வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர், திருவிழாவுக்கு முன் தரையை அழகாக்கும்படி பணம் அனுப்பியிருக்கிறார். பரிபாலன சபையினர் கல்லுக்குப் பூசும் 'சீலர்' வாங்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தரையைக் கழுவி, ஈரம் முழுமையாக உலருமுன்னரே, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை பூசியிருக்கிறார்கள். திருவிழா நாட்களில் தரை கண்ணாடியாய் மின்னியதாம். அடுத்த மழையிலேயே வெளுக்கத் தொடங்கிவிட்டது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கல் நமக்கு இறுகிய பொருளாகத் தெரிந்தாலும் அதனுள் நுண்ணிய துளைகள் உண்டு. நிலத்தின் ஈரம் அவற்றின் வழியாகவும் பலகைகளின் இடைவெளி வழியாகவும் மேலேறி, காற்றில் கலந்துவிடும். கல் மூச்சுவிடுவது இப்படித்தான். மேலே படலமாகப் படியும் அக்ரிலிக், பொலியுரித்தேன் வகைப் பூச்சுகள் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. சிக்கிய ஈரம் வெண்மையாகத் தோன்றுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு படலத்தின் அடியில் பளிங்காகி, முதலில் பூச்சையும் பின்னர் கல்லின் மேற்பரப்பையும் பெயர்க்கிறது. கல்லினுள் ஊறி, ஆவியை வெளியே விடும் வகைப் பூச்சுகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றையும் உலர்ந்த கல்லில் மெல்லிதாகப் பூசி, மிஞ்சியதை உடனே துடைத்தெடுக்க வேண்டும்.

இப்போது பரிபாலன சபையின் யோசனை, எல்லாவற்றையும் மூடி டைல்ஸ் பதித்துவிடுவது. இதைத்தான் நான் மறுக்கிறேன்.

இதே மாவட்டத்துச் சிகிரியாவில், 1967 அக்டோபரில், விஷமிகள் சிலர் ஓவியங்களின்மேல் வண்ணப்பூச்சை ஊற்றினார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சி வரவழைக்கப்பட்டு, மிகுந்த பொறுமையோடு அது அகற்றப்பட்டது. அஜந்தாவில் நடந்தது வேறு கதை. அங்கே 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலிய நிபுணர்களை அழைத்து ஓவியங்களைப் பாதுகாக்க முனைந்தது. அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி, அழுக்கைப் பிடித்து, ஓவியங்களையே மங்கச் செய்தது. அதை நீக்கும் வேலை பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் தொல்லியல் துறையினரின் தலையில் விழுந்தது. ஒன்று பகைவன் ஊற்றியது, மற்றொன்று அன்பன் பூசியது. கல்லுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கோயில் தரை ஓவியமன்று. அதை மீட்பது அவ்வளவு கடினமுமன்று. முதலில் எந்தக் கல் என்று அறிய வேண்டும். மாத்தளைப் பகுதியில் கருங்கல்லும் உண்டு, சுண்ணாம்பு சுட உதவும் பளிங்குப் பாறையும் உண்டு. பளிங்கில் எலுமிச்சம் புளி பட்டாலே அரித்துவிடும். ஆகவே அமிலம் கலந்த கழுவுநீரைத் தொடவே கூடாது. கம்பித் தூரிகையும் வேண்டாம். கண்ணில் படாத ஒரு மூலையில், கையகல இடத்தில், பூச்சு நீக்கும் திரவத்தைத் தடவி முதலில் சோதிக்க வேண்டும். படலம் இளகினால் பிளாஸ்டிக் தகட்டால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். இத்திரவங்களில் பல எளிதில் தீப்பற்றக்கூடியவை. வேலை நடக்கும்போது விளக்கும் கற்பூரமும் எரியக் கூடாது. கதவுகள் திறந்திருக்க வேண்டும். பிறகு சுத்த நீரால் கழுவி, வாரக்கணக்கில் உலர விட வேண்டும். தை பிறந்து மழை ஓய்ந்தபின் தொடங்குவதே புத்தி. இறுதியில் எதையும் பூசாமல் விட்டால் இன்னும் நல்லது. எத்தனையோ ஆண்டுகள் பூச்சின்றி இருந்த தரைதானே அது.

டைல்ஸ் பதித்தால் என்ன என்று சபைத் தலைவர் என்னிடம் கேட்டார். ஈரம் அடியில் அப்படியே இருக்கும். மழைநாளில் வழவழப்பான டைல்ஸிலும் அந்த மூதாட்டி வழுக்கி விழுவார். சீமெந்துக் கலவை கல்லைப் பற்றிக்கொண்டால் பின்னர் கல் சிதையாமல் பிரிக்க முடியாது. இவை நடைமுறைக் காரணங்கள். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர்கள் பலர். பிழைத்தவர்களின் சந்ததியினர் லயத்துக் காம்பிராக்களில் சொந்த நிலமின்றி வாழ்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் மிகக் குறைவு. தம் கையால் கொத்திப் பதித்த இந்தத் தரை அவற்றில் ஒன்று. நாலந்தா கெடிகேயை நீர்த்தேக்கத்திலிருந்து காக்க 1970களில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். அரசர் காலத்துக் கல்லுக்கு அந்த மரியாதை கிடைத்தது. தொழிலாளியின் கல்லுக்கு ஒரு மாதப் பொறுமையையாவது நாம் தரக் கூடாதா?

கடல் கடந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்க் கோயிலுக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அந்த மனம் பெரிது. ஆனால் கோபுரத்துக்கு வண்ணம், தரைக்குப் பளபளப்பு என்று கண்ணுக்குத் தெரிவதற்கே பணம் வருகிறது. கூரை ஒழுக்கை அடைக்கவும், மழைநீர் வடிகாலைத் துப்புரவாக்கவும், தவறாகப் பூசியதைச் சுரண்டி எடுக்கவும் எவரும் அனுப்புவதில்லை. அத்தகைய திருப்பணிக்கு உபயகாரர் பெயர் பொறித்த கல் வைக்க இடமில்லை என்பதுதான் காரணமோ?

அந்த அன்பருக்கும் எழுதியிருக்கிறேன். டைல்ஸுக்கு என்று அவர் ஒதுக்கியிருக்கும் தொகையில் சிறு பங்கு போதும், தரை மீண்டுவிடும். அவருடைய பதிலுக்காகவே சபையும் காத்திருக்கிறது.